குண்டூசி முனையில் கும்மிடிப்பூண்டி

ஒரு டாரஸ் லாரி ஆர்க்டிக் கடலில் மிதந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சத்தியம்! அரை நிமிஷத்துக்கு முன்பு வரை அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு கம்பி ஆலையின் பின்வாசலில் நின்றிருக்க வேண்டிய லாரி.

இடம், ஜி.என்.டி. ரோட்டோரம் என் அண்ணனின் லாரி ஆபீஸ் மாடி. நேரம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியான மீன்குழம்பு இன்னும் விரலில் மணக்கிற நேரம். அண்ணன் மகள் மடியில் லேப்டாப், காதில் பென்சில். "அத்தை, பாக்கலாம், ஆனா எதையும் தொடக்கூடாது" என்ற கட்டளையோடு எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. திரைக்குப் பின்னால் எட்டிப்பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. சினிமா ஷூட்டிங் உட்படத்தான் சொல்கிறேன்.

அவள் செய்துகொண்டிருந்தது டிரைவர்களுக்கான ஒரு வரைபடம். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும், தட்டினால் போனில் திறக்கும். எந்தக் கம்பெனிக்கு எந்த கேட், எங்கே எடைமேடை, எங்கே பஞ்சர் கடை, ராத்திரி ரெண்டு மணிக்கும் எங்கே டீ கிடைக்கும் என்பதெல்லாம் அதில் சின்னச் சின்னப் படங்களாக நிற்கும். இதற்கு எதற்குத் தனி வரைபடம், போனிலேயே இருக்கிறதே என்று நானும் கேட்டேன். அண்ணன் சிரித்தார். கம்பெனி பெயரைத் தேடினால் பின் போய் விழுவது பெரும்பாலும் காம்பவுண்டின் நட்டநடுவில். லாரி கேட் இருப்பதோ பின்தெருவில். நாற்பது அடி ட்ரெய்லரைத் தவறான சந்துக்குள் விட்டவன் அதைத் திருப்பி எடுப்பதற்குள், கிளீனர் பையனுக்கு மீசை முளைத்துவிடும்.

சரி, அந்த ஆர்க்டிக் லாரி. கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 13.41 வடக்கு, 80.12 கிழக்கு. அவள் பயன்படுத்தும் லீஃப்லெட் என்ற வரைபட நிரல் நூலகத்துக்கு அகலாங்கு முதலில், நெட்டாங்கு அடுத்து. இடங்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் அப்படியே தலைகீழ், நெட்டாங்குதான் முதல். பெண் அழைக்கிற வீட்டிலும் மாப்பிள்ளை அழைக்கிற வீட்டிலும் வேறு வேறு முறை மாதிரி. ஒன்றை மற்றொன்றில் அப்படியே கொட்டினாள். லாரி 80.12 வடக்கு, 13.41 கிழக்குக்குப் போய்விட்டது. நார்வேக்காரர்களின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே, தண்ணீரில்! அதிலும் ஒரு ஆறுதல் உண்டு. அங்கிருந்து தெற்கே 130 கிலோமீட்டர் சொச்சம் போனால், 2008-ல் திறந்த நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம். லோடு இந்தியர் கையில்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் சொன்னேன். அண்ணன் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இடம் சரியானதும் படம் வந்தது. இங்கேதான் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அந்தப் பின் மட்டும் அதே அளவில் நிற்கும். லீஃப்லெட்டின் வழக்கமான நீலப் பின் 25 பிக்சல் அகலம், 41 பிக்சல் உயரம். சிப்காட்டின் ஒரே தெருவைப் பார்த்தாலும் அதேதான், தமிழ்நாடு முழுக்கப் பார்த்தாலும் அதேதான். அப்படியானால் அந்த 25-க்கு 41 படத்தில் எந்தப் புள்ளி நிலத்தைத் தொடுகிறது? அதை நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ஆங்க்கர், நங்கூரம். வழக்கமான பின்னுக்கு அது இடமிருந்து 12, மேலிருந்து 41, அதாவது கூர்முனை. நாமே ஒரு படம் வரைந்து, அளவை மட்டும் கொடுத்துவிட்டு நங்கூரத்தைச் சொல்ல மறந்தால், லீஃப்லெட் படத்தின் நடுவயிற்றைப் பிடித்து இடத்தில் ஒட்டிவிடும். முனை 20 பிக்சல் கீழே தொங்கும்.

"இருபது பிக்சல்தானே, போகுது விடு" என்றேன். அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

அடுத்த பத்து நிமிஷம் எனக்குச் சொர்க்கம். தெருவே தெரியும்படி மிக நெருங்கி, ஜூம் 18-ல் பார்த்தால் அந்த இருபது பிக்சல் பிழை 12 மீட்டர். ஒரு ட்ரெய்லர் நீளம், யாருக்கும் சந்தேகம் வராது. ஒவ்வொரு படி பின்வாங்கும்போதும் அது இரட்டிப்பாகும். ஜூம் 13-ல் 380 மீட்டர், வேறு தெரு. ஜூம் 10-ல் 3 கிலோமீட்டர், வேறு ஊர். ஜூம் 9-ல் 6 கிலோமீட்டர், முனை கவரைப்பேட்டை மட்டத்துக்கு வந்துவிட்டது. ஜூம் 8-ல் 12 கிலோமீட்டர், பொன்னேரியைத் தாண்டி அனுப்பம்பட்டு மட்டம். ஜூம் 7-ல் 24, எண்ணூர்ப் பக்கம்! கம்பி ஆலையின் கேட், சாயங்கால லோக்கல் ட்ரெயினைப் பிடித்து சென்ட்ரலுக்குக் கிளம்பிவிட்டது! நான் கைதட்டினேன். அவள் இன்னொரு படி பின்வாங்கினாள். ஜூம் 6, கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர், முனை பல்லாவரத்தில். வெறும் இருபது பிக்சல்!

பல்லாவரத்துக்கு அடுத்த மேடு பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் அந்த மலையருகே நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் தொடங்கியது. வெயிலில் சங்கிலி எவ்வளவு நீளும் என்றுகூடக் கணக்குப் பார்த்த மனிதர். எங்கள் பின் தொங்குகிற லட்சணத்தைப் பார்த்திருந்தால் சங்கிலியாலேயே அடித்திருப்பார்.

கூர்முனைப் பின் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவைத்தேன். கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வெளிவந்தபோது அதில் இருந்த, தலைகீழ்த் துளி வடிவச் சிவப்புப் பின் டென்மார்க்காரர் ஜென்ஸ் ஐல்ஸ்ட்ரப் ராஸ்முசென் வடிவமைத்தது. வட்டப் புள்ளியோ நட்சத்திரமோ வைத்தால் இடத்தையே மறைத்துவிடும். துளியோ உடம்பை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கால்விரல் நுனியால் மட்டும் இடத்தைத் தொடுகிறது. பரதநாட்டிய அடவு மாதிரி! நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2014-ல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. நாம் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தைக் காட்ட ஒட்டுகிற அதே சமாச்சாரம்.

முனை சரியானதும் அவள் லிங்கை அண்ணன் போனுக்கு அனுப்பினாள். அண்ணன் திறந்தார். வரைபடம் வந்தது. பின்கள் எதுவும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த போட்டோ மாதிரி சின்னச் சின்னச் சதுரங்கள்.

"என்னம்மா, எல்லாம் ஓடிப்போச்சா?"

இது வரைபடம் செய்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது பட்டிருக்கிற பாடாம். லீஃப்லெட் தன் பின் படம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத் தன் ஸ்டைல் கோப்பைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும். இன்றைக்குத் தளம் கட்டுபவர்கள் எல்லாக் கோப்புகளையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, பெயரையும் மாற்றி அனுப்புகிறார்கள். பொட்டலம் கட்டும் கருவி படத்தை வேறு அலமாரியில் வைத்துவிட்டால், நூலகம் பழைய அலமாரியில் கை விட்டுத் துழாவும். அவள் லேப்டாப்பில் ஒழுங்காக வந்ததும், ஊருக்கு அனுப்பியதும் காணாமல் போனதும் அதனால்தான்.

அடுத்தவர் அலமாரியை நம்பினால் இன்னும் மோசம். ஒரு காலத்தில் ஏகப்பட்ட தளங்கள் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட வண்ணப் பின்களைக் கூகுளின் சார்ட் சேவையிலிருந்து நேராக இரவல் வாங்கிக் காட்டின. 2012-லேயே அதைக் கைவிடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. யார் கவனித்தார்கள்? 2019 மார்ச்சில் அணைத்தார்கள், பின்கள் போயின. பக்கத்து வீட்டு மோட்டாரில் தண்ணீர் பிடித்தவனுக்கு, அவர்கள் வீடு மாற்றிய அன்றுதான் விஷயம் தெரியும்.

பிறகு அவள் செய்தது ஒரு தந்திரம், எனக்கு இன்னும் மனசு துள்ளுகிறது. படமே வேண்டாம், படத்தின் வர்ணனையை எழுதிவிடலாம் என்றாள். இங்கே ஆரம்பி, இவ்வளவு வளை, இங்கே முடி, இந்த நிறத்தை ஊற்று. எஸ்விஜி என்று பெயர். கோலப் புத்தகத்தில் 'பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தவும்' என்று இருக்குமே, அதேதான்! அந்த வரிகளை நிரலுக்குள்ளேயே வைத்துவிட்டால் தேடிப்போக அலமாரியே கிடையாது. எந்தப் போனிலும் மங்காது. (பிக்சல் படம் என்றால் நெருக்கமான திரைகளுக்காக இரட்டை அளவில், 50-க்கு 82-ல், இன்னொன்றும் வைத்திருக்க வேண்டும்.)

எழுதினாள், திறந்தாள். மறுபடியும் வெற்றிடம்! அரை மணி நேரம் முடியைப் பிய்த்துக்கொண்ட பிறகு குற்றவாளி அகப்பட்டான். நிறத்தின் எண்ணுக்கு முன்னால் போடுகிற ஹேஷ் குறி. படத்தை முகவரியாக மாற்றி எழுதும்போது, உலாவி அந்தக் குறியைக் கண்டதும் 'முகவரி இத்தோடு முடிந்தது' என்று மிச்சத்தை வெட்டிவிடுகிறது. அதற்குப் பதில் %23 என்று எழுதினாள். படபடவென்று முப்பது படங்களும் சிப்காட் முழுக்கப் பூத்தன. நான் எழுந்து நின்று விசிலடித்தேன். கீழே லோடுமேன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் அவள் வரைபடத்தின் கீழ்மூலையைக் காட்டினாள். மேலே நீலம், கீழே மஞ்சள், கடுகளவில் ஒரு கொடி. லீஃப்லெட்டை உருவாக்கி 2011-ல் வெளியிட்ட விளாதிமிர் அகாஃபோன்கின் உக்ரைன்காரர், கீவ் நகரத்தவர். 2022-ல் போர் வந்த பிறகு வெளியான பதிப்பில் அந்தக் கொடி சேர்ந்தது. 12 பிக்சலுக்கு 8 பிக்சல். அது தனிப் படமாக இல்லை, நிரலுக்குள் வரிகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. பின்கள் எல்லாம் காணாமல் போன அந்த அரை மணி நேரத்திலும் அந்தக் கொடி மட்டும் அசையாமல் அங்கேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

இனி என்னென்ன படம் என்ற கேள்வி. கீழேயிருந்து இரண்டு டிரைவர்கள் மேலே வந்துவிட்டார்கள். ஒருவர் ஆரம்பாக்கத்துக்காரர், ஒருவர் சூளூர்பேட்டைக்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற பேச்சு, இந்தப் பக்கத்தில் அது சகஜம். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் சின்னங்களை அவள் காட்டினாள். டீக்கடைக்குக் காது வைத்த கோப்பை, கீழே சாசர். "இது டாக்டர் வீட்டு டீ பாப்பா" என்றார் ஆரம்பாக்கத்துக்காரர். கிளாஸ் டம்ளராக மாற்றினாள். கோயிலுக்கு நாகரி ஓம். அதுவும் போனது, கோபுரம் வந்தது. லாரிக்கு மூக்கு நீண்ட அமெரிக்க ட்ரக். எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலையை வைத்துக்கொண்டு இந்த மூக்கு நமக்கு எதற்கு? தட்டை முகமாக வரைந்தாள்.

பஞ்சர் கடைக்கு என்ன என்று கேட்க வாயெடுப்பதற்குள் இரண்டு பேரும் ஒரே குரலில், "தொங்குற டயர்!"

யோசித்துப் பாருங்கள், நம் ரோட்டில் இந்தச் சின்னங்கள் இணையம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இருக்கின்றன. கம்பத்தில் டயர் தொங்கினால் பஞ்சர் கடை. வாசலில் வாழைமரம் என்றால் கல்யாணம். நிலைப்படியில் வேப்பிலை என்றால் அம்மை, உள்ளே போகாதே. ரோட்டில் மரக்கிளை வெட்டிப் போட்டிருந்தால் முன்னால் லாரி பிரேக்டவுன். எழுத்தே தெரியாதவனுக்கும் ராத்திரி எண்பது வேகத்தில் புரிகிற சின்னம் இது. எந்த வடிவமைப்புக் கல்லூரி இதைவிட நன்றாகச் சொல்லித்தரும்?

வேப்பிலை என்றதும் சூளூர்பேட்டைக்காரர் பெரியபாளையத்தை நினைவுபடுத்தினார். திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி, பெரியபாளையம் வழியாக ஹைவே ஏறி, கும்மிடிப்பூண்டிக்கு வருவது அவர் பாதை. ஆடி ஞாயிற்றுக்கிழமையில் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டினால் லோடு அடுத்த நாள்தான். அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருகிற ஊர். ஆகவே அந்த ஊருக்கு ஒரு வேப்பங்கொத்து, ஆடி மாதத்தில் மட்டும் வரைபடத்தில் முளைக்கும்படி. இந்த ஒரு படத்துக்காகவே நான் அவளுக்கு அல்வா வாங்கித் தரலாம்.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பின் போட வேண்டும் என்றும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் சென்னைக்குச் செய்த வரைபடத்தில் தண்ணீர் நின்ற தெருவைத் தட்டினால் தெருவே நிறம் மாறியது. தெரு நீளத்துக்கும் நிற்கிற தண்ணீருக்கு எந்த இடத்தில் முனை வைப்பது?

நிறத்தில்தான் அண்ணன் கட்டையைப் போட்டார். திறந்திருக்கிற கேட் பச்சை, மூடின கேட் சிவப்பு என்று அவள் வைத்திருந்தாள். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே காவியாத்தானே இருக்கு?" என்றார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் செடியில் பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்துவந்து அம்மாவிடம் அடி வாங்கியவர் இவர். சிவப்பையும் பச்சையையும் பிரிக்க முடியாத ஆண்கள் ஒன்றிரண்டு பேரில்லை, நிறையவே உண்டு. நிறத்தின் பாஷையும் ஊருக்கு ஊர் மாறும். நம் தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2015-ல் வந்தது, ஆறு நிறம். கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரிலும் அதற்கு ஒரு கண்காணிப்பு நிலையம் உண்டு. அதில் 120 என்று காட்டினால் நமக்கு மஞ்சள், 'மிதமானது'. அமெரிக்க அளவுகோலில் 120 என்ற எண்ணுக்கு ஆரஞ்சு. அவள் உடனே வடிவத்தை மாற்றினாள். திறந்த கேட்டுக்குத் திறந்த கதவு, மூடினதற்குக் குறுக்குக் கட்டை. நிறமும் இருக்கும், நிறத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

தமிழில் பெயர் எழுதியபோது இன்னொரு கூத்து. சில வரைபட நூலகங்கள் எழுத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் கொம்பு, ஒலிப்பதில் பின்னால் வந்தாலும் எழுதுவதில் முன்னால் போய் நிற்கிற பிடிவாதக்காரன். ஊத்துக்கோட்டையில் 'கோ'வின் கொம்பு இடம் தவறிப் பின்னால் விழுந்தது. தேர்வாய்க்கண்டிகை என்ற பெயரின் முதல் எழுத்தே காலை வாரியது. கும்மிடிப்பூண்டி மட்டும், ஒரு கொம்பும் இல்லாத பெயர் பாருங்கள், ஒன்றும் நடக்காதது போல் நின்றது! பெயரைச் சாதாரண வலைப்பக்க எழுத்தாகப் பின்னுக்குள் வைத்தால் உலாவியே அதை ஒழுங்காகக் கோத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஊத்துக்கோட்டை பிழைத்தது.

கடைசியாக ஒரு கேட் காணவில்லை. அழித்துவிட்டோமா? இல்லை. லீஃப்லெட் தெற்கே இருக்கிற பின்னை முன்னாலும், வடக்கே இருப்பதைப் பின்னாலும் அடுக்குகிறது. போட்டோவில் குட்டையானவர்களை முன்வரிசையில் உட்காரவைப்பது போல. கேட்டுக்குத் தெற்கே ஒரு டீக்கடை. டம்ளர் கேட்டை முழுசாக மறைத்துவிட்டது. "அது சரியாத்தான் இருக்கு, விடு பாப்பா" என்றார் ஆரம்பாக்கத்துக்காரர், முகத்தில் ஒரு பெரிய திருப்தி. அவள் விடவில்லை. கேட்டுகள் எப்போதும் மேலே வர ஒரு எண்ணைக் கூட்டினாள்.

இருட்டத் தொடங்கியது. கீழே ஒரு ட்ரெய்லர் கிளம்புகிற உறுமல். சூளூர்பேட்டைக்காரர் படியில் இறங்கப் போனவர், கொஞ்சம் கூச்சத்தோடு திரும்பினார். "பாப்பா, குளிக்கிற இடத்துக்கு ஒண்ணு போடேன். மோட்டார் ரூம் நாலஞ்சு இருக்கு, எங்களுக்குத்தான் தெரியும். புதுசா வர்ற பசங்க அழுக்கோடவே திரும்பிப் போறானுங்க."

அவள் புதுத் தாளை எடுத்தாள். பக்கெட் வரைந்தாள். பக்கெட்டுக்கு அடி தட்டை, முனை எங்கே வைப்பது? பிடியிலா, அடியின் நடுவிலா? நான் ஒன்று சொன்னேன், அண்ணன் ஒன்று சொன்னார். டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "மக்கைச் சாய்ச்சுப் போடு" என்றார். சாய்த்துப் போட்டாள். "அதுல ஒரு சொட்டுத் தண்ணி விழுற மாதிரி."

மக்கின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. அவள் அந்தச் சொட்டின் நுனியில் பென்சிலை ஊன்றி, கட்டங்களை எண்ணி, வாய்க்குள் முணுமுணுத்தபடி தட்டெழுதினாள். அகலம் 32, உயரம் 40, நங்கூரம் 6, 40.